நடு வரிசை ஒன்பது பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் முதல் வரியில் என்ன எழுதினேன் என்பது மறந்துபோகிறது. மறுபடி மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கீழே வருகிறேன். பேசுவதானால் இதைவிட மோசம். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. இதில் நடந்தது முன்னும் பின்னுமாக இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் முன்பின் மாறக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கல்லலுக்குப் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு நடுவில் சமுதாயக் கூடம். கல்யாணம், காதுகுத்து, ஊர்க்கூட்டம் எல்லாம் அங்கேதான். மழை வந்தால் நெல்லும் அங்கேதான் கிடக்கும். அந்தக் கூடத்தைக் கூட்டுவது என் வேலை. சாவியை இடுப்பில் செருகியிருப்பேன். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் அல்ல. திருப்பத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்த ஊரில் குடும்பங்களை நாலு கரையாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தக் கரைக்கு எப்போது மரியாதை என்று முறை உண்டு. எங்களுக்குக் கரை கிடையாது. அதனால்தான் சாவியை உன்னிடம் கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது சொல்வார். ஒரு கரையிடம் கொடுத்தால் மற்ற மூன்று கரையும் சும்மா இருக்குமா?

கூடத்தின் உள்ளே வடக்குச் சுவரில் நீல மையில் இருபத்தேழு பெயர்கள் எழுதியிருந்தன. கூடம் எழும்பிய காலத்தில் பொருள் கொடுத்த வீட்டுப் பெரியவர்களின் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் கொடுத்த பொருள். செங்கல், சுண்ணாம்பு, பனங்கை, கல்தூண், கதவு நிலை, கிணற்றுக் கயிறு என்று. மேலிருந்து கீழாக மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது பேர். சாமிக்கு மண்குதிரை எடுக்கிற புரவி எடுப்புத் திருவிழா வரும்போது, குதிரை செய்வதற்காகக் குயவரிடம் பிடிமண் கொடுக்கிற நாளில், அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஒருவர் பெயர்களை வாசிப்பார். வாசிக்கிற வரிசையில்தான் அந்தந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கு. வெற்றிலை முன்பின் மாறினால் பிடிமண் கிடையாது. பிடிமண் இல்லாவிட்டால் குதிரை கிடையாது. இதற்காகவே ஊர் இரண்டுபட்டு, புரவி எடுப்பு நின்ற வருடங்களும் உண்டு. கடைசியாக எடுத்தது நோய்க்காலத்துக்கு முன்பு. அதன் பிறகு இந்த ஆவணியில்தான் பிடிமண் கொடுத்து மறுபடி எடுப்பது என்று முடிவாகியிருந்தது. வழக்கமாகப் பெயர் வாசிக்கிற பெரியவர் இடையில் தவறிவிட்டார்.

வெற்றிலை கொடுக்கும்போது பெண்கள் கூடத்துக்குள் வரமாட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம். இதையும் சொல்லிவைக்கிறேன். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

ஆனி மாதக் கடைசியில் காரைக்குடியிலிருந்து படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் மிஸ் என்று கூப்பிட்டார்கள். ஊருக்குப் பொதுவான சுவர்களில் படம் வரைய இளவட்டங்களுக்குப் பழக்குவது அவர் வேலை. எங்கள் ஊரில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். தையல்காரர் மகள் ஒருத்தி, காரைக்குடிக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவள். பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒருத்தி, அவளுடைய அத்தா வெளிநாட்டில் இருக்கிறார். பைக் பட்டறையில் வேலை பார்க்கிற பையன் ஒருவன், வாய் ஓயாதவன். மற்றவர்களைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

முதலில் வெளிச்சுவர். நான் நினைத்தது போலத் தூரிகையை எடுத்ததும் வரைந்துவிடவில்லை. பத்து நாள் சுவரைச் சுரண்டியதோடு சரி. உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, வெள்ளைப் பிரைமர் அடித்து, நூலில் நீலப்பொடி தடவி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். சுவரில் நேராக ஒரு கோடு விழும். அப்படிக் கட்டம் கட்டமாகப் போட்டு, தாளில் இருக்கிற சின்னக் கட்டத்தைப் பார்த்துப் பெரிய கட்டத்தில் வரைவார்கள். ஊருணி, அதில் அல்லி, கரையில் ஆடு, தூரத்தில் கல்லல் பஸ். பஸ்ஸின் சக்கரத்தைப் பட்டறைப் பையன்தான் வரைவேன் என்று அடம்பிடித்தான்.

"டேய், பஞ்சராயிட்ட டயரு மாதிரி இருக்குடா."

"அது நம்மூரு ரோட்ல ஓடுற பஸ்ஸுத்தா. அப்படித்தான் இருக்கும்."

தையல்காரர் மகள்தான் தேய்ப்பதில் கெட்டிக்காரி. மிஸ் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ தேய்ச்ச இடத்துல ஈ உக்காந்தா வழுக்கும்" என்று சிரிப்பார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிறகு வினையாகப் போனது.

ஆவணி பிறந்து முதல் சனிக்கிழமை. மத்தியானம் நான் கூடத்தைப் பூட்ட வந்தேன். மிஸ் உள்ளே நின்று வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். பிள்ளைகள் அவற்றை நகர்த்தியிருந்தார்கள். எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, இந்த உள்சுவருலயும் பிள்ளைக படம் போட்டுப் பழகட்டுமா? கூடத்துச் சுவருன்னுதான் கூட்டத்துல அனுமதி குடுத்துருக்காக. இந்த எழுத்து ரொம்ப மங்கிப்போச்சு. இதைத் திரும்பப் புதுசா எழுதிக்கிருவாகல்ல?"

எனக்கு ஆகாது என்று தெரியும். அம்பலத்தைக் கேட்காமல் தொடக் கூடாது என்றும் தெரியும். அம்பலம் என்றால் எங்கள் ஊருக்குத் தலைமை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொன்னால் போதும். ஒரு வாக்கியம். ஆனால் ஒன்பது முகமும் என்னையே பார்த்தன. மிஸ் என்னை அம்மா என்று வேறு கூப்பிட்டுவிட்டார். தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலையை எதற்கு ஆட்டினோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

இருட்டிய பிறகு பிள்ளைகளே கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கதவைத் திறந்தேன். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு இது வெறும் சுவர் இல்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில், படித்த ஐந்து வகுப்பும் மறந்துவிடும் போலிருந்தது. வீட்டில் புத்தகம் கிடையாது. கூட்டும்போது சுவரில் இருக்கிற பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பிறகு பார்க்காமலே வந்தது. ஒரு பெயருக்கு ஒரு வீச்சு. இருபத்தேழு வீச்சில் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு வந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ளும்படியான விஷயமும் இல்லை. கூடத்தில் யாராவது இருந்தால் வாய்க்குள்ளேயே சொல்லுவேன்.

அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலிகளைப் பழையபடி சுவருக்கு முன்னால் அடுக்கினேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மறைக்கத்தான் அடுக்கினேன்.

திங்கட்கிழமை, வெற்றிலைத் தாம்பாளத்துக்கு ஆள் விவரம் பார்ப்பதற்காக அம்பலம் வீட்டு ஆள் வந்து நாற்காலியை நகர்த்தினார். சாயங்காலமே ஊர் கூடிவிட்டது. நான் வாசல்படிக்கு வெளியே நின்றேன்.

அம்பலத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சத்தம் போடமாட்டார். அவர் சத்தம் போடாமல் பேசும்போதுதான் பயமாக இருக்கும். மிஸ் முன்னால் வந்து, தவறு தன்னுடையது என்று கையைக் கூப்பினார்.

"நீங்க வெளியூருப் பிள்ளை. உங்களைச் சொல்லி என்ன செய்ய? இங்க பிறந்து வளர்ந்ததுகளுக்குத் தெரிய வேணாமா? சுவத்தைத் தேய்ச்சது யாரு?"

தையல்காரர் மகள் கையைத் தூக்கினாள்.

"சுரண்டிப் பார்த்தா பழைய எழுத்து தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சுட்டேன்."

பின்னாலிருந்து ஒருவர், "நல்லா வேற தேய்ச்சுச்சாம்!" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"யாரைக் கேட்டுத் தேய்ச்ச?"

அவள் சுவரைப் பார்த்தாள். அரை நொடிதான். பிறகு சொன்னாள்.

"யாருகிட்டயும் கேக்கலய்யா."

சாவி என் இடுப்பில் சுட்டது. நான்தான் தலையாட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாசற்படியைத் தாண்டி ஒரு அடி வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தே நின்றேன்.

தீர்ப்பு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடிமண். அதற்குள் இருபத்தேழு பெயரும் பழைய வரிசைப்படி சுவரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் தையல்காரர் சபையில் விழுந்து கும்பிட வேண்டும். வெளிச்சுவர்ப் படத்தையும் சேர்த்து வெள்ளையடித்துவிட வேண்டும். இனி எந்தப் பிள்ளையும் தூரிகையோடு கூடத்துப் பக்கம் வரக் கூடாது.

தையல்காரர் சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். முழங்கால் வலி உள்ளவர். மிதிமெஷினை மிதித்து மிதித்து வலது கால் மடங்காது. மறுநாள் என் ரவிக்கையைத் தைக்கக் கொடுக்கும் சாக்கில் போனேன். அவராகவே சொன்னார்.

"விழுகுறது பெருசில்லத்தா. எந்திரிக்கத்தான் யாராச்சும் கை குடுக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மகள் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

பெயர்களைத் தேடுகிற வேலை செவ்வாய்க்கிழமை தொடங்கியது. மிஸ் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் செல்போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. நாற்காலி அடுக்குக்கு இடது பக்கம் முதல் வரிசை ஒன்பது பெயரும் தெரிந்தன. மற்றவை நாற்காலிக்குப் பின்னால். அப்போது பள்ளிவாசல் தெருப் பெண்தான் யோசனை சொன்னாள். இந்தக் கூடத்தில் நடந்த கல்யாணங்களின் ஆல்பத்தைப் பார்த்தால் என்ன?

இரண்டு நாள் ஊரே ஆல்பம் பார்த்தது. பீரோவுக்கு மேலிருந்தும் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்தும் எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். யாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்தார்கள். வலது ஓரத்தில் மூன்றாவது வரிசை துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒரு கல்யாணத்தில் மேல் நாலு பெயர், இன்னொன்றில் கீழ் ஐந்து. நடு வரிசை மட்டும் கிடைக்கவில்லை. மணமேடையைச் சுவருக்கு நேர் நடுவில் போட்டு, பின்னால் ஜிகினாத் துணி கட்டுவதுதான் இந்த ஊர் வழக்கம். எல்லாக் கல்யாணத்திலும் அந்த ஒன்பது பேரும் துணிக்குப் பின்னாலேயே இருந்தார்கள்.

"ஒரு மாப்பிள்ளையாச்சும் கொஞ்சம் தள்ளி நின்னுருந்தா ஊரு தப்பிச்சிருக்கும்" என்றான் பட்டறைப் பையன்.

"உன் கல்யாணத்துக்கு வாசப்படியில நில்லு. ஊருக்கு உதவும்" என்றாள் பள்ளிவாசல் தெருப் பெண்.

சிரித்தார்கள். பிறகு அடுத்த ஆல்பத்தை எடுத்தார்கள். மறுநாள் மறுநாள் என்று வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

எந்த ஒன்பது வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற பதினெட்டையும் கழித்தால் மிச்சம் அதுதானே. யாருக்கு அடுத்து யார் என்பதுதான் வழக்கு. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒவ்வொருவர் சொன்னதிலும் அவரவர் வீடு மேலே இருந்தது. கல்தூண் கொடுத்தது அம்பலத்தின் வீடு. நடு வரிசையில் அதுதான் முதல், அதாவது பத்தாவது என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் ஆள் இல்லை.

எனக்குத் தெரியும், கல்தூண் பதினாலாவது. பதினாலாவது வீச்சில் நான் கதவுக்கு நேராக வந்திருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கூடத்துக்குப் போனேன். தையல்காரர் மகள் மட்டும் சாரத்தின் கீழ்ப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஓரத்திலும் சாக்பீஸால் பெயர்களை எழுதிவிட்டு நடுவில் ஒன்பது வெறும் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

"அப்பத்தா, எங்கப்பா இதுவரைக்கும் சாமி முன்னாலதான் விழுந்துருக்காரு."

துடைப்பத்தை எடுத்து முதல் பெயருக்கு நேராகப் போய்க் குனிந்தேன். நின்ற இடத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், வருவதில்லை. கை ஓடினால்தான் வாய் ஓடும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பெயர். சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஒன்பதாவது பெயர் வரை அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருக்கிறதைத்தானே வாசிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். பத்தாவது பெயரைச் சொன்னதும் பலகையிலிருந்து குதித்தாள். சாக்பீஸ் உடைந்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அறுந்துவிடும். பதினெட்டு முடிந்து பத்தொன்பதாவது பெயர், ஆல்பத்தில் கிடைத்த அதே பெயராக வந்து சேர்ந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

ஒன்பது கட்டமும் நிறைந்திருந்தது. அவள் கை முழுக்க வெள்ளை.

"அப்பத்தா, அம்பலம் வீடு பதினாலாவதா வருதே."

"ஆமாத்தா."

"யாரு சொன்னதுன்னு கேப்பாக."

"ம்."

"நான் உங்களைச் சொல்லமாட்டேன்."

மறுபடியும் அப்படிச் சொன்னாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அம்பலத்தின் முகத்துக்கு எதிரில் அவர் வீட்டை நாலு படி இறக்குகிறேன். சொல்லாவிட்டால் அந்தக் காலோடு ஒரு மனிதர் தரையில் விழுகிறார். இதற்கு நடுவில் எனக்கே ஒரு பயம். என் ஞாபகத்தை நம்பித்தானே? அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறவள் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. தாம்பாளத்தில் இருபத்தேழு வெற்றிலைக் கட்டு. குயவர் ஓரமாக நின்றார். தையல்காரர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து தூணைப் பிடித்தபடி நின்றிருந்தார். பிள்ளைகள் எட்டுப் பேரையும் மிஸ்ஸையும் மட்டும் விசாரிக்கவென்று உள்ளே கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில். நான் வாசற்படியில்.

அம்பலம் சுவரை வாசித்தார். நடு வரிசைக்கு வந்ததும் நின்றார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தாங்கய்யா" என்றாள் தையல்காரர் மகள்.

"கையி உன்னுது. வாயி யாருது?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டியா? சரி. அப்பனைக் கூப்பிடு."

தையல்காரர் தூணை விட்டுவிட்டு இரண்டடி வந்தார். இடது காலை முதலில் மடக்கினார். வலது கால் மடங்கவில்லை. கையை ஊன்ற இடம் தேடினார். அந்த இடம் நான் காலையில் கூட்டிய இடம்.

எப்படி உள்ளே போனேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எழுதும்போதும் வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், அவ்வளவுதான் தெரியும்.

"நான்தாங்கய்யா நேத்துச் சொன்னேன். வெள்ளையடிக்கவும் என்னையத்தான் கேட்டாக. நான்தான் தலையாட்டுனேன்."

கூடம் முழுக்கச் சலசலத்தது. பொம்பளை உள்ளே வந்துவிட்டாள் என்று ஒருவர். இவள் எந்தக் கரை என்று ஒருவர்.

அம்பலம் கையைக் காட்டி அமர்த்தினார். "ஏத்தா, எங்க வீட்டைப் பதினாலுல வச்சிருக்க. உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. "கூட்டுவேன்" என்றேன்.

"கூட்டுனா?"

"கூட்டும்போது வருங்கய்யா."

சிரிப்பு எழுந்தது. காது வரைக்கும் எரிந்தது எனக்கு. அந்தச் சமயத்தில், கூட்டத்திலேயே வயதில் மூத்தவர், பார்வை மங்கியவர், உட்கார்ந்த இடத்திலிருந்து பேசினார்.

"சிரிக்காதீகப்பா. நாலு கரையும் நாலு நாளா ஆளுக்கொரு வரிசை சொன்னீக. எல்லாரும் அவுகவுக வீட்டை மேல ஏத்துனீக. இந்தப் பிள்ளைக்கு ஏத்துறதுக்கு வீடு இருக்கா? கரை இல்லாத ஆளு சொன்னா என்ன லாபத்துக்குச் சொல்லப்போகுது?"

என்னைப் பிள்ளை என்று சொல்ல ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

அம்பலம் யோசித்தார். பிறகு எழுத்தை அழிக்கச் சொன்னார். பட்டறைப் பையன் ஈரத்துணியால் நடு வரிசையைத் துடைத்தான். "கூட்டுத்தா. நாங்களும் பார்க்குறோம். நேத்துச் சொன்னதும் இன்னைக்குச் சொல்றதும் ஒண்ணா இருந்தா ஒத்துக்கிருவோம். அந்தப் பிள்ளை கையில நேத்து எழுதுன நோட்டு இருக்குமில்ல?"

இருந்தது. சுவரில் எழுதியதை அவள் நோட்டிலும் எழுதி வைத்திருந்தாள். பள்ளிவாசல் தெருப் பெண் சாக்பீஸை எடுத்துக்கொண்டாள். தையல்காரர் மகள் நோட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் சபைக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். குனிந்த பிறகு பயம் குறைந்தது. யாரும் தெரியவில்லை, தரைதான் தெரிந்தது. வீச வீசப் பெயர்கள் வந்தன. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று பனங்கை. பதினாலு கல்தூண். அம்பலம் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் என் கை ஒரு வீச்சு தவறிப்போனது. பதினைந்து சொன்னேன். பதினாறு, பதினேழு. கதவு நிலையும் கிணற்றுக் கயிறும். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எதை முதலில் சொன்னேன் என்பது எனக்கே நிற்கவில்லை. பதினெட்டு. முடிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். தையல்காரர் மகள் நோட்டைப் பார்த்தாள், பள்ளிவாசல் தெருப் பெண் எழுதியதைப் பார்த்தாள்.

"ஒண்ணாத்தான் இருக்குய்யா" என்றாள். சொல்லிவிட்டு நோட்டை மூடினாள்.

அம்பலம் நோட்டைக் கேட்கவில்லை. அது அவர் பெருந்தன்மையா, கவனக்குறைவா எனக்குத் தெரியாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முடிவு சொன்னார்.

"இந்தப் புரவிக்கு இதுதான் வரிசை. ஆனா சாக்பீஸ்லயே இருக்கட்டும். யாராச்சும் படத்தோட வந்து தப்புன்னு காட்டுனா மாத்திக்கிருவோம். தை பொறக்குற வரைக்கும் யாரும் வரலைன்னா பெயிண்ட்டுல எழுதிருங்க. தையக்காரரே, எந்திரிங்க. யாருய்யா அங்க, அவருக்கு ஒரு நாற்காலி போடு."

பிறகு என்னிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடு ஆத்தா."

கொடுத்தேன். தலையாட்டியதற்கு அது சரிதான். குனிந்து கும்பிடப் போனேன். "வேணாம், நீ வயசுல மூத்தவ" என்று நகர்ந்துகொண்டார். பதினாலாவது ஆளாக நின்று வெற்றிலை வாங்கினார். குயவர் பிடிமண் வாங்கிக்கொண்டு போனார். புரட்டாசியில் குதிரைகள் வந்தன.

இப்போது தினமும் காலையில் அம்பலம் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி, கூட்டிவிட்டுத் திரும்பக் கொடுக்கிறேன். வடக்குச் சுவரில் மூன்று வரிசையும் சாக்பீஸில் இருக்கின்றன. மழை ஈரத்தில் மங்குகிறபோது பிள்ளைகள் மேலேயே மறுபடி எழுதுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த வீடு கொடுத்த பொருளைப் படமாக வரையப்போகிறார்கள். தாளில் இப்போதே சுண்ணாம்பு வண்டிக்கு மாட்டையும் சேர்த்து வரைந்து வைத்திருக்கிறான் பட்டறைப் பையன். சக்கரம் இந்தத் தடவை வட்டமாக இருக்கிறது. நீலப் பெயிண்ட் டப்பா மூடி திறக்காமல் சாரத்துக்குக் கீழே இருக்கிறது.

போன வாரம் தையல்காரர் மகள் தனியாக இருக்கும்போது கேட்டேன்.

"ஏத்தா, பதினாறும் பதினேழும் அன்னைக்கு நான் மாத்திச் சொன்னேனா?"

"இல்ல அப்பத்தா. ரெண்டு தடவையும் ஒண்ணாத்தான் சொன்னீக."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். யாரிடமும் கேட்கவில்லை என்று அம்பலத்திடம் சொன்னபோதும் அவள் சுவரைத்தான் பார்த்தாள். நோட்டைக் காட்டு என்று கேட்டேன். கிழிந்துபோய்விட்டது என்றாள்.

அதிலிருந்து கூட்டும்போதெல்லாம் அந்த இடத்தில் கை நிற்கிறது. ஒரு நாள் கதவு நிலை முதலில் வருகிறது. ஒரு நாள் கயிறு. இரண்டும் ஒரே கரை வீடுகள்தான், அண்ணன் தம்பி வழி. இன்றைக்குச் சண்டை இல்லை. ஆனால் பெயிண்ட் ஏறிவிட்டால் அதுதான் நிஜம் என்று ஆகிவிடும். இன்னும் ஐம்பது வருடம் அப்படியே வாசிப்பார்கள். என்னால் ஒரு வீடு ஒரு படி கீழே நிற்கும். எனக்கு அது வேண்டாம்.

இப்போது மார்கழி பாதி போய்விட்டது. இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது எங்கள் ஊர்க் கூடத்தில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்திருந்தால், ஜிகினாத் துணி கட்டுவதற்கு முன்னால், சமையல் சாமான் இறக்கும்போதோ கோலம் போடும்போதோ யாராவது எடுத்த படம் இருந்தால், தயவுசெய்து தேடிப் பாருங்கள். ஆளைப் பார்க்க வேண்டாம். பின்னால் சுவரைப் பாருங்கள். நடு வரிசையில், கீழிருந்து எண்ணினால் இரண்டாவதும் மூன்றாவதும். கதவு நிலை கொடுத்த வீடு மேலே இருக்கிறதா, கிணற்றுக் கயிறு கொடுத்த வீடு மேலே இருக்கிறதா என்று சரிபார்த்து, தை பிறப்பதற்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.